நிவாரணப் பணமும் நம் பற்று நோட்டும்



சென்ற முறை சங்கக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, கிராமத்தில் புதிதாக மளிகைக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அண்ணாச்சி, பயிர் போச்சுன்னு பற்றுக்காரங்க எல்லாரும் கையை விரிக்காங்க. கவர்மெண்டு பணம் வந்ததும் தந்துருதோம்னு சொல்லுதாங்க. அதை நம்பி இன்னும் சரக்குக் கொடுக்கலாமா?” என்று கேட்டார்.

அங்கே இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் இந்தக் கேள்வி அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. மணியாச்சி, கடம்பூர், பசுவந்தனை, ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம் என்று கரிசல் காட்டில் கடை வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் உள்ள கேள்வி. நாற்பது வருஷ மொத்த வியாபாரத்தில் நான் கற்றதையும், நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

ஒரே பட்டம், ஒரே வசூல்

மற்ற ஊர்களில் ஆடிப்பட்டம் என்பார்கள். நமக்குப் புரட்டாசிப் பட்டம்தான். ஆவணிக் கடைசியிலும் புரட்டாசியிலும் விதையைப் போட்டுவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையை எதிர்பார்த்து வானத்தைப் பார்த்திருப்பார்கள். உளுந்தும் பாசியும் தை மாதத்தில் களத்துக்கு வரும். மக்காச்சோளம் அதை ஒட்டி வரும். பருத்தியும் வத்தலும் மாசி, பங்குனி என்று இழுக்கும்.

நம் கடைக் கணக்கும் இதே வழியில்தான் நடக்கிறது. புரட்டாசியிலிருந்து பற்று ஏறும்; தை முதல் பங்குனி வரை வரவு வைப்போம். ஆனால் நமக்குச் சரக்கு அனுப்பும் விருதுநகர், தூத்துக்குடி வியாபாரிகள் தை மாதம் வரை காத்திருப்பதில்லை. பதினைந்து நாள், மிஞ்சினால் முப்பது நாள். ஆக, ஒரு மழை பொய்த்தால் விவசாயிக்கு அடுத்தபடியாக அடி வாங்குகிறவர் சில்லறைக் கடைக்காரர். அவருக்கு அடுத்து மொத்தக் கடைக்காரர்.

மழை இரண்டு விதமாகக் கெடுக்கும். 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. விதைத்த விதை முளைத்துக் காய்ந்தது. 2023-இல் நேர்மாறு. டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நம் மாவட்டத்தில் வருஷம் முழுவதற்கும் சராசரியாகப் பெய்வதே 65 சென்டிமீட்டர் அளவுதான். ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தில் சிக்கிக்கொண்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளைக் கொண்டுவந்து, சிறப்பு ரயிலில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பியது நம் மணியாச்சி நிலையத்திலிருந்துதான் என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த மழையில் காய் பிடித்து நின்ற உளுந்தும், பாசியும், மக்காச்சோளமும் கரிசல் சேற்றில் நின்று அழுகின.

இந்த இரண்டு தடவையும் அரசாங்கம் பணம் கொடுத்தது. அந்தப் பணம் என்ன வகையானது என்பதைத் தெரிந்துகொள்வதுதான் நம் முதல் பாடம்.

நிவாரணம் விளைச்சலுக்கு விலை அல்ல

நம் முன்னோர் காலத்தில் இப்படிப் பணம் கொடுக்கும் வழக்கமே இல்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகுதான் பஞ்ச விதிகள் எழுதப்பட்டன. 1884-இல் விவசாயிகள் கடன் சட்டம் வந்தது. தகாவிக் கடன் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். விதைக்கும் மாட்டுக்கும் கடனாகக் கொடுத்துத் தவணையில் திருப்பி வாங்கினார்கள். மிகவும் மோசமான வருஷத்தில் தீர்வையை வஜா செய்வார்கள். அவ்வளவுதான். மற்றபடி பஞ்ச காலத்தில் சம்சாரிக்குக் கை கொடுத்தது கடைக்காரரின் பேரேடுதான்.

இன்று 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி இருக்கிறது. தமிழ்நாட்டில் அதில் முக்கால் பங்கு மத்திய அரசும் கால் பங்கு மாநில அரசும் போடுகின்றன. இந்த நிதியிலிருந்து பயிருக்குத் தரும் தொகைக்கு அரசு வைத்திருக்கும் பெயரைக் கவனியுங்கள்: இடுபொருள் மானியம். அதாவது, விதைக்கும் உரத்துக்கும் போட்டது போய்விட்டதே, மறுபடி விதைக்க ஒரு கை கொடுப்போம் என்பதுதான் நோக்கம். நஷ்டமான விளைச்சலுக்கு விலை போட்டுக் கொடுப்பது அல்ல.

தொகையைப் பார்த்தால் இது தெளிவாகும். மானாவாரிப் பயிருக்கு மட்டும் சொல்கிறேன்.

2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தபோது ஏக்கருக்கு ரூ.3,000. ஹெக்டேர் கணக்கில் ரூ.7,410. அந்த ஆண்டு நிலவரியும் தள்ளுபடி ஆனது.

2021 ஜனவரியில், நிவர், புரெவி புயல்களுக்குப் பிறகு, ஹெக்டேருக்கு ரூ.10,000.

2023 டிசம்பரில் அறிவித்தது ஹெக்டேருக்கு ரூ.8,500. நெல்லுக்கு ரூ.17,000, பல்லாண்டுப் பயிருக்கும் மரங்களுக்கும் ரூ.22,500.

தொகை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இல்லை என்பதைப் பாருங்கள். மத்திய அரசின் நெறிமுறையில் ரூ.8,500 என்று வைத்தது 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு. மாநில அரசு தன் பணத்தைச் சேர்த்துக் கூடுதலாகவும் கொடுக்கலாம். எனவே சென்ற முறை கிடைத்ததை வைத்து இந்த முறைக்குக் கணக்குப் போடக் கூடாது. அந்தந்த அரசாணையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னும் இரண்டு வரம்புகள் உண்டு. மூன்றில் ஒரு பங்கு, அதாவது 33 சதவீதமாவது சேதம் இருக்க வேண்டும். 2015-க்கு முன் இது 50 சதவீதமாக இருந்தது. அடுத்து, மத்திய நெறிமுறைப்படி ஒரு விவசாயிக்கு 2 ஹெக்டேர் வரைக்கும்தான். நம் கணக்கில் 4 ஏக்கர் 94 சென்ட். இருபது ஏக்கர் காடு வைத்திருக்கிறார் என்பதற்காக இருபது ஏக்கருக்கும் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

இப்போது ஒரு கணக்கு. ஹெக்டேருக்கு ரூ.8,500 என்றால் ஏக்கருக்குச் சுமார் ரூ.3,440. மூன்று ஏக்கர் மக்காச்சோளம் போட்டவருக்கு ரூ.10,300 சுமாருக்கு வரும். அவர் வீட்டு மளிகைப் பற்று மாதம் ரூ.4,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். புரட்டாசி முதல் மாசி வரை ஆறு மாதத்துக்கு ரூ.24,000. வருகிற பணம் முழுவதையும் நம் கையில் கொடுத்தாலும் பாதி அடையாது. அதோடு உழவு கூலி, விதை, உரக்கடைப் பாக்கி, கூட்டுறவுச் சங்கக் கடன், பிள்ளைகள் பள்ளிக்கூடச் செலவு எல்லாம் வரிசையில் நிற்கின்றன.

ஊரில் எல்லா உதவியையும் “வெள்ளப் பணம்” என்று ஒரே பெயரில் சொல்லிவிடுவார்கள். 2023-இல் ரேஷன் கடை மூலம் குடும்பத்துக்குக் கொடுத்தது வேறு. அது கடும் பாதிப்புள்ள இடங்களில் ரூ.6,000, மற்ற இடங்களில் ரூ.1,000. பயிருக்கு வந்தது வேறு. மாடு இறந்ததற்கு ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4,000 என்பது வேறு. பற்றுக்காரர் எந்தப் பணத்தைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

யார் பெயருக்கு வரும்?

கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மைத் துறை அலுவலரும் சேர்ந்து சேதத்தைக் கணக்கெடுப்பார்கள். எந்தச் சர்வே எண்ணில், எத்தனை ஏக்கரில், என்ன பயிர் என்பதற்கு அடங்கல்தான் ஆதாரம். அந்தப் பட்டியல் தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் வழியாக மேலே போய், அரசாணை வந்து, பிறகு பட்டியலில் உள்ளவரின் வங்கிக் கணக்குக்குப் பணம் வரும். இந்த வழியில் மாதங்கள் ஓடிவிடும்.

இதில் அடிபடுகிறவர் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுகிறவர். காடு ஒருவர் பெயரில் இருக்கும், உழுகிறவர் வேறொருவர். பதிவு எதுவும் இல்லாததால் பணம் பட்டாதாரர் கணக்குக்குப் போய்விடும். பட்டாதாரர் சென்னையிலோ மும்பையிலோ இருப்பார். நல்லவராக இருந்தால் உழுதவருக்குக் கொடுப்பார். அது அவர் மனதைப் பொறுத்தது.

நான் செய்த தப்பு

2017-இல் என்னிடம் சரக்கு எடுத்த ஒரு கிராமக் கடைக்காரர் ரூ.74,000 பாக்கி வைத்திருந்தார். வறட்சி நிவாரணம் அறிவித்ததும் அவர் தன் பற்று நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். “இத்தனை பேருக்குப் பணம் வருது அண்ணாச்சி. வந்ததும் உங்களுக்கு அடைச்சிருவேன்” என்றார். நானும் நம்பி இன்னொரு லோடு அனுப்பினேன்.

பணம் வந்தது. நோட்டில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் குத்தகைக்காரர்கள் என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. மீதிப் பேரிடமாவது வசூலித்துவிட வேண்டும் என்று நானும் அவரும் வங்கி வாசலில் போய் நின்றோம். இன்றைக்கு அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அன்று அது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது.

நாலு ஏக்கர் சொந்தக் காடு உள்ள ஒருவர் ரூ.12,000 எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை. எட்டாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, மீதியை மடியில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அந்த வருஷப் புரட்டாசியில் மழை 2016 அளவுக்கு மோசமில்லை. ஆனால் அவரிடம் விதைக்கும் உழவுக்கும் பணம் இல்லை. ஒரு ஏக்கர் மட்டும் விதைத்தார். மூன்று ஏக்கர் தரிசு கிடந்தது. தை கழிந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டார். அவர் பெயரில் ரூ.11,000 பாக்கி அந்தக் கடை நோட்டில் அப்படியே நின்றது. அவரைப் போல் இன்னும் சில குடும்பங்களும் போயின. இரண்டு வருஷத்தில் அந்தக் கடையே மூடியது. எனக்கு வர வேண்டியதில் ரூ.31,000 இன்றும் வரவில்லை.

யாரையும் நான் குறை சொல்லவில்லை. விதைக்கென்று வந்த பணத்தை நான் பழைய பாக்கிக்கென்று வாங்கிக்கொண்டேன். எட்டாயிரத்துக்காக வருஷா வருஷம் நாற்பதாயிரத்துக்குச் சாமான் வாங்குகிற ஒரு வீட்டை எங்கள் கையாலேயே ஊரைவிட்டு அனுப்பினோம். வியாபாரியாகப் பார்த்தாலும் அது நஷ்டக் கணக்கு.

காப்பீடு தனி வழி

நிவாரணத்தையும் காப்பீட்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2016 முதல் நடக்கும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி பிரீமியம் கட்டிச் சேர வேண்டும். நம் பட்டத்து உளுந்து, பாசி, மக்காச்சோளம் போன்றவற்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், பருத்தி, வத்தல், வெங்காயம் போன்ற பணப் பயிர், தோட்டப் பயிர்களுக்கு 5 சதவீதம் வரை. மீதியை அரசுகள் கட்டுகின்றன. 2020 முதல் பயிர்க்கடன் வாங்கியவருக்கும் இது கட்டாயமில்லை, விருப்பப்பட்டால்தான். குத்தகைக்காரரும் சேரலாம் என்பது முக்கியம்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. ஒவ்வொரு வயலையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. நம் பயிர்களுக்குப் பெரும்பாலும் பிர்க்காவே ஒரு அலகு. கடந்த ஏழு ஆண்டில் நல்ல ஐந்து ஆண்டின் சராசரியை வைத்து ஒரு உத்தரவாத மகசூல் நிர்ணயிப்பார்கள். இந்த வருஷ மகசூலைச் சில வயல்களில் அறுத்து எடை போட்டுப் பார்ப்பார்கள். எடுத்துக்காட்டாக, உத்தரவாத மகசூல் 400 கிலோ, இந்த வருஷம் கண்டது 300 கிலோ என்றால் குறைவு கால் பங்கு. காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு ரூ.16,000 என்றால் கிடைப்பது ரூ.4,000. பிர்க்கா முழுவதும் சுமாராக விளைந்து, ஒருவர் காடு மட்டும் காய்ந்திருந்தால் அவருக்கு ஒன்றும் வராது. பிர்க்கா முழுவதும் காய்ந்தால் நிவாரணத்தைவிடக் கூடுதலாகவும் வரலாம். ஆலங்கட்டி மழை, மேகவெடிப்பு, மின்னலால் தீ போன்ற சிலவற்றுக்கு மட்டும், அறிவிக்கையில் இடம் பெற்றிருந்தால், தனி வயலைப் பார்ப்பார்கள். அதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும்.

அறுவடைக் கணக்கு முடிந்து, அரசுகளின் பங்கும் செலுத்தப்பட்ட பிறகே இந்தப் பணம் வரும். நிவாரணத்தைவிடவும் தாமதமாகலாம்.

நாம் செய்ய வேண்டியவை

1. நிவாரணத்தை வரவாக எழுதாதீர்கள். கையில் வந்த பிறகு எழுதுங்கள். அதைக் காட்டி மொத்தக் கடையில் சரக்கும் எடுக்காதீர்கள்.

2. பற்று நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் மூன்று விவரம் குறித்து வையுங்கள்: சொந்தக் காடா குத்தகையா, எத்தனை ஏக்கர் விதைப்பு, காப்பீடு உண்டா இல்லையா. புரட்டாசியில் பேச்சுவாக்கில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பற்று எவ்வளவு வரை போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

3. பயிர் போன வருஷத்தில் பழைய பாக்கிக்குக் கீழே கோடு போட்டு நிறுத்துங்கள். புதுப் பக்கத்தில் அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, சோப்பு அளவுக்குச் சிறு பற்று கொடுங்கள். புதுப் பற்றை வாரக் கூலியில் அடைக்கச் சொல்லுங்கள். பழையதை மூன்று தவணையாகப் பிரியுங்கள். இது தர்மம் அல்ல. வங்கிகளே இப்படித்தான் செய்கின்றன. ரிசர்வ் வங்கி 2018-இல் வெளியிட்ட நெறிமுறையில், சேதம் 33 முதல் 50 சதவீதம் வரை இருந்தால் பயிர்க்கடனை அடைக்க 2 வருஷம் வரையும், 50 சதவீதத்துக்கு மேல் போனால் 5 வருஷம் வரையும் அவகாசம் கொடுக்கலாம் என்று இருந்தது.

4. வங்கி வாசலில் நிற்காதீர்கள். பாஸ் புத்தகம், ஏ.டி.எம். அட்டை இவற்றை அடமானமாக வாங்கி வைக்காதீர்கள். சில ஊர்களில் இந்தப் பழக்கம் நுழைந்திருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அது நம் பெயரைக் கெடுக்கும், வம்பிலும் மாட்டிவிடும்.

5. கடை வாசலில் ஒரு பலகை மாட்டுங்கள். காப்பீட்டுக்குக் கடைசி நாள் பயிருக்குப் பயிர், வருஷத்துக்கு வருஷம் மாறும். வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு அதில் எழுதிப் போடுங்கள். அடங்கல், ஆதார், பாஸ் புத்தக நகலோடு கூட்டுறவுச் சங்கத்திலோ பொதுச் சேவை மையத்திலோ பதியலாம் என்றும் எழுதுங்கள். கணக்கெடுப்புக்கு ஆள் வரும் நாளையும் எழுதுங்கள். நாளுக்கு ஐம்பது பேர் வந்துபோகும் இடம் நம் கடை. பட்டியலில் பெயர் விட்டுப்போனவர் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி விவரம் கேட்கலாம். மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

6. நம் சரக்கையும் மறக்க வேண்டாம். பேரிடர் நிவாரண நெறிமுறையில் பயிருக்கு உண்டு, மாட்டுக்கு உண்டு, வீட்டுக்கு உண்டு. மளிகைக் கடையில் நனைந்த மூட்டைக்கு இடமில்லை. தீ, வெள்ளம் இரண்டும் சேர்ந்த காப்பீடு எடுத்து வையுங்கள். மூட்டைகளைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் கட்டையில் அடுக்குங்கள்.

2023-இல் செய்தது

அந்த டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, என்னிடம் சரக்கு எடுக்கும் ஒன்பது கிராமக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து இதைத்தான் பேசினேன். பழைய பாக்கியை மூன்று தவணையாக்கினேன். அவர்களையும் அவரவர் ஊரில் அப்படியே செய்யச் சொன்னேன். நிவாரணம் வந்தபோது ஒருவரும் வங்கிப் பக்கம் போகவில்லை. அடுத்த புரட்டாசிக்கு அந்த ஊர்களில் விதைப்பு நடந்தது. 2025 பங்குனிக்குள் ஏழு கடைக்காரர்கள் பாக்கியை முழுவதும் அடைத்துவிட்டார்கள். இரண்டு பேர் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வருகிறார்கள். ஒன்பது கடையும் திறந்திருக்கின்றன.

கூட்டத்தில் கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். கவர்மெண்டு பணத்தை நம்பிச் சரக்குக் கொடுக்காதீர்கள். அந்தக் குடும்பம் அடுத்த பட்டத்துக்கு விதைக்குமா என்று பாருங்கள். விதைக்கும் என்று தெரிந்தால், உங்கள் கை தாங்கும் அளவுக்குக் கொடுங்கள். வருகிற நிவாரணம் விதையாக மண்ணுக்குள் போகட்டும். தை மாதம் அது உங்கள் கல்லாவுக்கு வரும்.